இடது கையுறை

"ஒண்ணு மட்டும் இன்னும் காயலை. வந்து எடுத்துக்கறேன்" என்றான் ஹால்வார். ஜன்னலுக்குக் கீழே கணப்பின் மேல் கிடந்த இடது கையுறையை ஒருமுறை பிழிந்து பார்த்து, திரும்ப அங்கேயே வைத்துவிட்டு, வலது கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு படகுக்குப் போனான். அவன் மனைவி தோர்டிஸ் காபிக் கோப்பையிலிருந்து நிமிரவில்லை.

அது பிப்ரவரி, காட் மீன் காலம். மறுநாள் பாறைகளுக்கிடையே படகு குப்புறக் கிடந்தது. ஹால்வார் கிடைக்கவே இல்லை.

இப்போது ஜனவரி. கையுறை அதே இடத்தில்தான் கிடக்கிறது. தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பாள். ஈரமாக இருக்கும். வீட்டின் ஓதம் என்று முதலில் நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

அவனுடைய பழைய லேப்டாப் ஆறு வருடமாகப் பரணில் செத்துக் கிடந்தது. ஹால்வாரின் அக்கா குன்வோர் ஒரு மதியம் வந்து அதைக் கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை உருவி எடுத்தாள். மீன் பதப்படுத்தும் கூடத்து அலுவலகத்தில் கணினிகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் அவள்.

"முகம் மறந்துட்டே வருது குன்வோர். ஒரே ஒரு போட்டோ கிடைச்சாப் போதும்."

"அவன் எப்பவும் கேமராவுக்குப் பின்னாடி நிக்கிற ஆளாச்சே! அப்படியே கிடைச்சாலும் பாதி மூஞ்சிய அவன் கட்டைவிரலே மறைச்சிருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். ஹால்வார் எடுத்த படங்களில் ஓரத்தில் கட்டைவிரல் விழாத படமே கிடையாது.

தோர்டிஸின் கணினியில் ஹார்ட் டிஸ்க்கைக் கம்பியால் இணைத்து, மீட்கும் வேலையை ஓடவிட்டுவிட்டு எழுந்தபோதுதான் குன்வோர் கணப்பைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, இதை இன்னுமா வெச்சிருக்கே? கடல்ல போனவனோட ஜோடியில ஒத்தைய வீட்டுல வெச்சுக்கக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது? தண்ணியில விட்டுடு. இல்லேன்னா தேடிக்கிட்டு வருவான்."

"வரட்டுமே."

குன்வோர் இந்த முறை சிரிக்கவில்லை. "வர்றது அவனாத்தான் இருக்கும்னு யார் சொன்னா?" என்றாள். பனி வலுப்பதற்குள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மணி இரண்டுதான். ஆனால் நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் அந்த வடகோடித் தீவுக்கு இன்னும் திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடி தார் பூசியதுபோல் கறுத்திருந்தது. கணப்பின் சூட்டில் ஈரக் கம்பளியின் வாடை எழ, ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஏதோ ஒன்று நகத்தால் சுரண்டுவதுபோல் விட்டுவிட்டு ஒலிக்க, பெயர்கள் அழிந்து வெறும் எண்களாக மீண்டுவந்த படங்களைத் தோர்டிஸ் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தாள். மீன் உலர்த்தும் மரச்சட்டங்கள். செத்துப்போன பூனை. ஆப்பிள் தின்னும் அவளே. எல்லாவற்றிலும் ஓரத்தில் அந்த இளஞ்சிவப்புக் கட்டைவிரல். ஹால்வார் எதிலும் இல்லை.

அடுத்த படம் இருட்டாக இருந்தது. கடல். தொலைவில் ஒரே ஒரு மஞ்சள் வெளிச்சம். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்த ஜன்னல். ஓரத்தில் கட்டைவிரலுக்குப் பதிலாகச் சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை. மணிக்கட்டில் ஒரு வரி சிவப்பு நூல்.

சாம்பல் நூல் தீர்ந்துபோனதால் ஹால்வாரின் கையுறைகளில் அந்த வரியைச் சிவப்பில் பின்னியது அவள்தான். ஹால்வார் போவதற்கு நான்கு மாதம் முன்னால். லேப்டாப் செத்து அப்போதே கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஆகியிருந்தது.

ஆனாலும் திறந்தாள். அடுத்ததில் அவனாவது இருக்கலாம்.

படகுத்துறை. நனைந்த பலகைகள்.

வீட்டுப் படிகள். பனியில் குன்வோரின் காலடித் தடம். இன்றையது.

முன்கூடம். கழற்றி வைத்த அவளுடைய காலணிகள்.

சுரண்டல் நின்றுவிட்டது. இன்னும் ஒன்று மிச்சம் என்றது திரை.

உப்பு வாடை. பின்னால், பலகைத் தரையில் ஒரு சொட்டு. இன்னொன்று.

கடைசிப் படம் தானாகத் திறந்தது.

மேசை முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. அவளுக்கு எதிரே கறுத்த ஜன்னல். அந்தக் கண்ணாடியில், அவள் தலைக்கு மேலே, படம் எடுப்பவர்.

பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தலையை நிமிர்த்தினால் போதும்.

அவள் கேட்டது ஒரு முகம்தான்.

நிமிர்ந்தாள்.

பதினோரு மாதம் கடலில் இருந்த முகம். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவளுடைய தோளை உரசிக்கொண்டு, உறையில்லாத இடது கை ஒன்று முன்னால் நீண்டது. கணப்பின் மேலிருந்த கையுறையை எடுத்தது. ஒருமுறை பிழிந்து பார்த்தது. திரும்ப அங்கேயே வைத்தது.

இன்னும் காயவில்லை.