குழந்தை உள்ளே தூங்குது

பால் பொங்கும் நேரத்தில் பள்ளி வேன் ஒன்று மதிவதனியின் வீட்டு வாசலில் வந்து நின்று, விடாமல் ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காக இருக்கும் என்று அவள் அடுப்பருகிலேயே நின்றாள். பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள்.

"நேரமாவுதுமா, ரோஷினிய அனுப்பு," என்றாள் வேனில் வந்த ஆயா கன்னியம்மா.

"இங்க குழந்தையே இல்லைங்களே."

"இந்த அட்ரஸுதான் குட்த்துகீறாங்க. அப்பா பேரு கிருபாகரன்." ஆயா அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

விவாகரத்து ஆகி மூன்று வருடம். கிருபாகரன் இப்போது ஆவடியில் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்பது மட்டும் மதிவதனிக்குத் தெரியும். போன் செய்தாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் மதி," என்றான். "முகப்பேர்ல வீடு இருந்தாத்தான் அந்த ஸ்கூல்ல சீட்டு. என் ஆதார்ல இன்னும் உன் அட்ரஸ்தானே இருக்கு, அதைக் குடுத்துட்டேன். வேனை நிறுத்தச் சொல்லிடறேன். ஸ்கூல்லேருந்து ஒருத்தர் விசாரிக்க வருவார். குழந்தை இங்கதான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"அவளுக்கு என்ன வயசு?"

"அஞ்சு ஆகப்போகுது."

மதிவதனி போனை வைத்துவிட்டாள். ஐந்து வருடத்துக்கு முன்புதான், ஏழாம் மாதத்தில், அவளுடைய குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "பார்க்க வேணாம் மதி, தாங்க மாட்டே" என்று சொல்லி, துணியில் சுற்றியதைக் கிருபாகரனே வாங்கிக்கொண்டு போனான். பெண் குழந்தை என்பதைக்கூட நர்ஸ்தான் சொன்னாள். அதே நாட்களில் இன்னொருத்தியின் வயிற்றில் ரோஷினி வளர்ந்துகொண்டிருந்திருக்கிறாள். எல்லாம் தெரிந்தே அவன் ஆஸ்பத்திரியில் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான் என்று நினைக்க நினைக்க, மதிவதனிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மதியம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், பள்ளியிலிருந்து கஜபதி என்ற பெரியவர் வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவர் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"புள்ள இங்கதானே கீது?"

"ஆமா," என்றாள். "உள்ள தூங்குது."

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் ஒருமுறையாவது அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

கஜபதி படுக்கையறைப் பக்கம் தலையைச் சாய்த்தார். கதவு பாதி திறந்திருந்தது. அவர் முகம் கனிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எழுப்பாதம்மா. ஃபேனைக் கொஞ்சம் கொறச்சு வையி. குளுருது போல, ஒடுங்கிகினு கீது."

அவர் தெரு முனை திரும்பும்வரை அவள் அசையவில்லை. பிறகு உள்ளே போனாள். கட்டிலில் யாரும் இல்லை. மழையின் ஈரமும் ஜன்னலோரத் துணிகளின் புழுங்கல் வாடையும் நிறைந்த அந்த அறையில், அவற்றுக்கு அடியில், ஆஸ்பத்திரி டெட்டாலும் புளித்த பாலும் கலந்த ஒரு வாசம் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. காலையில் அவளே இழுத்து விரித்த விரிப்பின் நடுவில், ஒரு கைப்பிடி அளவுக்குக் குழிந்திருந்தது. தொட்டாள். ஈரம். ஜில்லென்றிருந்தது.

கிருபாகரனை அழைத்தாள்.

"உன் பொண்ணை இங்க கொண்டாந்து விட்டியா?"

"என்ன பேசற? எதிர்ல உக்காந்து படம் வரையறா. கஜபதி சார் போன் பண்ணார். ரொம்ப தேங்க்ஸ் மதி, நீ மாட்டேன்னுடுவியோன்னு பயந்துட்டேன்." சற்று நிறுத்தினான். "உன் பக்கத்துல குழந்தை அழுதே, யாரோடது?"

அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மழைதான் கேட்டது. மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம், தூரத்துப் பேருந்தின் உறுமல், கூடத்தில் ஃப்ரிட்ஜின் முனகல். அவ்வளவுதான். யாரோ ஒரு கிழவர் பார்த்தார். அவன் கேட்கிறான். இந்த முறையும் அவளுக்கு மட்டும் காட்டவில்லை.

"மதி? பாவம், ரொம்ப அழுது. தூக்கிக்கோயேன்."

போனை அணைத்தாள்.

அப்போது மின்சாரம் போனது. மழை இருட்டு. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட வா," என்றாள்.

ஒன்றுமில்லை. பிறகு மெத்தை அழுந்தியது. அவள் இடுப்புக்குப் பக்கத்தில். மறுபடி, இன்னும் நெருக்கத்தில்.

பயம் அப்போதுதான் வந்தது. ஒரேயடியாக. ஒரு வாக்கியத்தில் கூப்பிட்டதை ஒரு வாக்கியத்தில் திருப்பி அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. சொல்லிவிட வேண்டும். சத்தமாக.

"இந்த வீட்ல குழந்தை இல்…"

ஒரு உள்ளங்கை அவள் வாயில் பதிந்தது.

மிகச் சிறியது. கீழுதட்டை மட்டும்தான் மறைத்தது. நகம் முளைக்காத விரல்கள். அவள் அதைத் தள்ளிவிடக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை தானாக அதன்மேல் படிந்தது. எலும்பே இல்லாததுபோன்ற மென்மை. அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அந்தக் கைக்குள்ளேயே முத்தமிட்டாள்.

கை விலகவில்லை.

வளர்ந்தது.

இரண்டு உதடுகளையும் மூடியது. முகவாயைத் தொட்டது. மூக்கை. ஐந்து வருடம் வளராதது இப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அவள் தலையைத் திருப்பவில்லை. விரல்கள் இமைகளை மூடின, நெற்றியைக் கடந்தன, நீண்டு நீண்டு கூந்தலுக்குள் நுழைந்து, அவள் பின்னங்கழுத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.