கடலைத் தைக்கும் பெண்

அவள் வெட்டி ஒட்டிய கொலாஜில் பிணம் எதுவும் இல்லை. அதனால் கைப்பேசியில் அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது: ‘இறந்தவரின் உடல் தெரிவதால் உங்கள் பதிவு நீக்கப்பட்டது.’

பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டியெடுத்த நீலங்களையெல்லாம் சேர்த்து, கிழிந்த கடலை ஒரு பெண் ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டிருப்பது போல மாதக்கணக்கில் ஒட்டிய படம் அது. பொழுது சாய்வதற்குள் தன் இணையப் பக்கத்தில் ஏற்றினால்தான் கண்காட்சிக்காரர்கள் பார்ப்பார்கள். வெளியே விடாத மழை. அறையெங்கும் பசையின் புளித்த வாடை.

மேல்முறையீடு செய்தாள். அதே வரி திரும்பி வந்தது. எந்தத் துண்டில் குற்றம் என்று சொல்லவில்லை. கேட்கவும் அங்கே ஆள் இல்லை.

“அக்கா, என் படத்துல பிணம் இருக்காம்.”

“நீ வெட்டுற வெட்டுக்கு யாரு பிழைப்பா?” சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. வெளியூர் வேலை முடிந்து முந்தாநாள் திரும்பியதிலிருந்து அதில் ஒரு கரகரப்பு. பயணக் களைப்பாக இருக்கும்.

இயந்திரம் எதையோ தப்பாகப் பார்த்திருக்கிறது என்று நினைத்து, பளிங்குச் சிலையின் தலையை பிளேடு முனையால் நெம்பி எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். நீக்கப்பட்டது. பெஞ்சில் தூங்கும் ஆளை எடுத்தாள். நீக்கப்பட்டது. கரையில் கிடந்த மீன்களை, படகை, அலை அலையாகக் கடலையே உரித்தாள். படம் ஒட்டிய அட்டை, அம்மை கண்ட முகமாயிற்று. யாரோ தோளுக்குப் பின்னால் நின்று ‘இதுவும் வேண்டாம்’ என்று சொல்லச் சொல்ல, தன் படத்தைத் தானே கொன்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் ஊசி பிடித்த இரண்டு கைகள் மட்டும் மிஞ்சின.

ஏற்றினாள். நீக்கப்பட்டது.

அக்காவின் கைகள். நேற்று இதே ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்து, கடைசியாக ஒட்டிய போட்டோ.

கைப்பேசியில் தேடி, அக்கா வெளியூருக்குக் கிளம்பிய அன்று வாசலில் பெட்டியோடு கையசைக்கும் படத்தை ஏற்றினாள். அது நீக்கப்படாமல் நின்றது. தோழி ஒருத்தி உடனே இதயம் போட்டாள். நேற்றைய முழுப் படத்தை ஏற்றினாள். வெட்டாதது. ஒட்டாதது. அக்கா சிரித்தபடி இருப்பது.

இறந்தவரின் உடல்.

சமையலறையில் கத்தி பலகையில் விழும் சத்தம். சீராக. ரொம்ப நேரமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

எழுந்து போனாள். மழை இருட்டு. அக்கா விளக்குப் போடவில்லை.

“அக்கா?”

“எந்தத் துண்டுன்னு தெரிஞ்சுதா?”

திரும்பாமலே கேட்டாள். தங்கையின் கை தானாகச் சுவரைத் தடவி சுவிட்சைத் தட்டியது.

பலகையில் கேரட் வில்லைகள். நடுநடுவே வேறு வில்லைகள். வெளிறியவை. ஒன்றில் நகம்.

ரத்தம் இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை.

“உட்காரு. இதோ ஆச்சு” என்றாள் அக்கா. கத்தியைத் தன் அடுத்த விரலுக்கு நகர்த்தினாள்.