விரல் படாத வரைபடம்

மனித குலத்தின் மிகப் பழைய சண்டையைத் தாம் ஒருவராகவே முடித்துவைத்ததாகச் செங்கல்வராயன் நம்பினார். "சக்கரம் கண்டுபிடிச்சவன் பேரு யாருக்கும் தெரியாது. குப்பைய எங்க போடறதுன்னு கண்டுபிடிச்சவன் பேரு கதவுலயே இருக்கு" என்று வருகிறவர்களிடம் சிரிக்காமல் சொல்வார். கதவில், ‘கழிவாலை விசாரணை அலுவலர்’ என்பதற்கு மேலே, அவர் பெயர் இருக்கத்தான் செய்தது.

2094இல் கழிவாலைகளுக்கு இடம் பார்ப்பது இடந்தேர்வி என்னும் இயந்திரம். காற்றடிக்கும் திசை, நிலத்தடி நீர், லாரி திரும்பும் அகலம் எல்லாம் பார்த்து ஒரு தெருவின் பெயரைத் துப்பும். அந்தத் தெருக்காரர்கள் புதன்கிழமை மனுவோடு வருவார்கள். செங்கல்வராயன் மேசைமேல் நகரின் தொடுபடத்தை, கூரையும் கொடியும் வரை தெரிகிற தொடுதிரை வரைபடத்தை, விரிப்பார்.

"தாராளமா எதிர்க்கலாம். இங்க வேணாம்னா எங்கன்னு தொட்டுக் காட்டுங்க."

விதி அவர் எழுதியது. தொட்ட தெருவுக்கு ஆலை போய்விடும். தொட்டவர் நேரில் போய் அங்குள்ள ஒரு வீட்டில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர்களும் வேண்டுமானால் வேறு தெருவைத் தொடலாம். பதினோரு ஆண்டுகளில் ஒரு விரலும் அந்தப் படத்தில் பட்டதில்லை.

பட்டறைத் தெரு தேவகிருபைதான் கிட்டத்தட்ட தொட்டுவிட்டாள். லேத் ஓட்டுகிறவள், நகத்தில் எண்ணெய்க் கறை. அரை மணி நேரம் விரலைப் படத்துக்கு மேலே அலையவிட்டாள்.

"இங்க என் நாத்தனார் இருக்கா சார். இங்க பள்ளிக்கூடம். இது யாருன்னு தெரியல, ஆனா கொடியில துணி காயுது."

"உங்க நாத்தத்த அடுத்தவன் வாசல்ல எறக்கணும்னா இதெல்லாம் பார்க்கக் கூடாதும்மா" என்றார் அவர். எழுத்தர் சிரித்தார்.

தேவகிருபை விரலை மடக்கிக்கொண்டாள். "எங்க தெருவுலயே வச்சுக்குங்க சார்."

எட்டு மாதத்தில் பட்டறைத் தெருவில் ஆலை ஓடத் தொடங்கியது. நகரம் குப்பையைக் குறைக்கவில்லை. இரண்டாவது ஆலைக்கு இடந்தேர்வி சொன்ன பெயர், மில் காலனி மூன்றாம் குறுக்குத் தெரு. அங்கே ஏழாம் எண் வீட்டில் செங்கல்வராயன் இருந்தார். ஒற்றை நுரையீரலோடு அவர் மனைவி புனிதமும் இருந்தாள்.

"உங்க விதியாச்சே, நீங்களே வேற தெருவத் தொட்டா எப்படி?" என்றாள் புனிதம். மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. "வேணாங்க. நான் ஜன்னல சாத்திக்கறேன்."

 மறுநாள் உணவு இடைவேளையில் செங்கல்வராயன், எழுத்தர் இல்லாத நேரமாகப் பார்த்து, கதவைத் தாழிட்டுத் தொடுபடத்தை விரித்தார். அரை மணி நேரமெல்லாம் ஆகவில்லை. ஏற்கெனவே ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று என்றால் யாருக்குத் தெரியப்போகிறது. இடந்தேர்வியும் ‘லாரிப் பாதை தயார்’ என்று மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டது.

கையெழுத்து வாங்க அவர் பட்டறைத் தெருவுக்குப் போனபோது தேவகிருபை லேத்தை நிறுத்திவிட்டு வந்தாள். பட்டறைக்குள்ளும் அந்த வாடைதான்.

"வாங்க சார். ஆலைய பார்க்க வந்தீங்களா? இத்தன நாள்ல ஒருத்தரும் எட்டிப் பார்க்கல." ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதை விதியில் இருந்த வாக்கியத்தாலேயே சொன்னார். 

"இவ்ளோ பெரிய ஊர்ல எங்க தெருதான் தெரிஞ்சுதா சார்?"

"நீங்க யாரையும் தொட மாட்டீங்கன்னு தெரியும்மா."

"தொட்டா?"

"உங்க உரிமை" என்று வரைபடத்தின் காகித நகலை எடுத்து நீட்டினார். விதிப்படி காட்டியாக வேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து, தெருத் தெருவாகப் படித்தாள்.

படத்தை அவர் ஓரத்தில் பிடித்திருந்தார். அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் மில் காலனி முழுவதும் மறைந்திருந்தது.