இரண்டு வாசலிலும் காலடி

உள்ளே போனவர் மச்சான் ஒருவர்தான். ஆனால் இப்போதுதான் துடைத்த ஈரத் தரையில், குதிகால் தேய்ந்த அவருடைய இடது செருப்புத் தடம் திரையின் இரண்டு ஓரத்துக்கும் போயிருந்தது.

ஆய்வுக்கூட மெக்கானிக் ஓரடி பின்வாங்கினான்.

மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், பேராசிரியர்; ஒளியிலிருந்து ஒரே ஒரு துகளை எடுத்து அனுப்பி, யாரும் பார்க்காதவரை அது இடப்பக்கமும் வலப்பக்கமும் போனதாகவே அர்த்தம் என்று பன்னிரண்டு வருடமாக ஊர்க்காதைத் துளைத்தவர். கருப்புத் திரைக்குப் பின்னால் இருட்டறைக்கு இரண்டு வாசல். ஒவ்வொன்றின் தலைமேலும் யானையைப் பாயாகத் தட்டிவிடக்கூடிய இரும்புக் கதவு. துகள் போன பக்கத்துக் கதவு விழும். சற்று நேரம் கழித்து இயந்திரம் தானாகவே தூக்கி, அடுத்த துகளை அனுப்பும்.

"எட்டிப் பாத்தா கண்ணைத் தோண்டிருவேன்" என்பது மச்சானின் சட்டம். அதற்குப் பழகிய கை, தடம் கண்ணில் படுமுன்பே, அவர் உள்ளே கருவியின் கண்ணாடி துடைப்பது தெரியாமல், எட்டிப் பார்க்காமலே பொத்தானை அழுத்திவிட்டிருந்தது.

தொம்!

"மச்சான்?"

"என்ன மாப்பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி கத்தற?"

குரல் வலது ஓரத்திலிருந்து வந்தது. இடது ஓரத்திலிருந்து ரத்தம் வந்தது. வெதுவெதுப்பாக, துருப்பிடித்த ஆணி நாற்றத்தோடு, அவன் கட்டைவிரலைத் தொட்டது. எங்கோ எலும்பு பொடியும் சத்தம்.

போன் அடித்தது. மாடி அலுவலகத்திலிருந்து மனைவி.

"அண்ணன் போனை எடுக்கல. உள்ளதான இருக்காரு? பாத்துச் சொல்லுங்க."

"பாத்தா செத்துருவாரோன்னு பயமா இருக்கு."

"பாக்காட்டி?"

"பாதிதான் செத்திருப்பாரு."

"அண்ணனோட சேந்து உங்களுக்கும் முத்திப்போச்சு. நானே வரேன்."

அவள் இடது பக்கம் பார்த்துவிட்டால் அவ்வளவுதான். உயிரோடு இருக்கிற பக்கத்தை அவன் முதலில் பார்த்துவிட வேண்டும். வலது ஓரத்தைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தான்.

தொம்!

முழுசாக நின்றார் மச்சான். காயமில்லை. சிரித்தார்.

"பொழைக்க வச்சிட்ட மாப்பிள்ளை! சரி... நீ எந்த வாசலா வந்த?"

"வலது."

"யாரு பாத்தா?"

அவன் திரும்பினான். இரண்டு வாசலிலும் அவனுடைய ஈரக் காலடி. இடது கதவின் அடியில் ஒரு நீலச் சட்டை. அவனுடைய சட்டை. நசுங்கிய மண்டை. பிதுங்கிய ஒற்றைக் கண். அது அவனைப் பார்த்தது. இமைத்தது.

வெளியே மாடிப்படியில் செருப்புச் சத்தம். நெருங்கியது. நின்றது.

"என்னங்க? உள்ள இருக்கீங்களா?"

ஆய்வுக்கூடக் கதவின் கைப்பிடி திரும்பியது.

"பாக்காதடீ!"

வலது வாசலில் நின்றவனும் இடது கதவுக்கடியில் கிடந்தவனும் ஒரே குரலில் அலறினார்கள். திறக்கும் கதவை நோக்கி இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன. ஒன்றில் விரல்கள் இருந்தன.