சுவரில் போன செகண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்களுக்கு ரமாபாய் வீட்டில் இட்லி உண்டு, மரியாதை உண்டு, அவசரம் மட்டும் கிடையாது. போலீஸ் துப்பறியும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வியாசர்பாடிக்கு அவரைத் தேடி வழக்குகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவசரமெல்லாம் கணவர் லோகநாதனின் பொறுப்பு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குற்றவாளியை முதலில் கண்டுபிடிப்பவர் எப்போதும் அவர்தான். என்ன, உண்மையான குற்றவாளி எப்போதும் வேறு ஆளாக இருப்பார்.

அன்று வந்தவர் ராயபுரம் சிலுவைமுத்து. துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகில் வேலை. கூடவே மகள் ஜூடி. வாசலில் செருப்பைக் கழற்றிய பெண்ணின் பாதத்தில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று நீளமாக ஓடியதை ரமாபாய் பார்த்தார்.

"என்னிய ஃபிராடுன்னு சொல்ட்டாங்கம்மா," என்றார் சிலுவைமுத்து. மீதியை ஜூடி சொன்னாள்.

திருவொற்றியூர் நீச்சல் கிளப்பின் இருபத்தைந்து மீட்டர் குளத்தில் அவள் நூறு மீட்டரை ஒரு நிமிடம் பதினாறு செகண்டில் நீந்தினாள். ஸ்டாப்வாட்சைப் பிடித்தவர் கிளப் செக்ரட்டரி வல்லரசு. பிறகு மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்க, வேறு இடத்தில், ஐம்பது மீட்டர் குளத்தில் தனித்தனியாக நீந்த வைத்தார்கள். ஆள் குறைந்ததால் ஜூடியின் முறைக்கு வாட்ச் அப்பா கைக்குப் போனது. அது காட்டியது ஒரு நிமிடம் பன்னிரண்டு.

"பெரிய குளத்துல டைம் ஏறத்தான் செய்யுமாம். எனக்கு மட்டும் எப்டி எறங்கும்னு செக்ரட்டரி கேக்குறாரு. அப்பா முன்னாடியே வாட்ச நிறுத்திட்டாராம். மாவட்ட டீம்ல என் பேரு இல்ல ஆன்ட்டி. இன்னிக்கி சாயங்காலம் லிஸ்ட் போய்டும்."

"இன்னொரு வாட்டி அங்கயே நீந்திக் காட்டினா?" என்று கேட்டார் ரமாபாய்.

"டைல்ஸ் மாத்துறாங்க. தண்ணிய எறக்கிட்டாங்க."

"வாட்ச் பேட்டரி!" என்றார் லோகநாதன். "இல்லாங்காட்டி அந்த வல்லரசு. அவன்தான்!"

"முதல்ல சட்டைய மாட்டுங்க," என்றார் ரமாபாய்.

பிற்பகலில் கிளப் குளத்தருகே எல்லோரும் கூடினார்கள். வல்லரசு கெட்ட மனிதரல்ல. கணக்கை நம்புகிற மனிதர். "மேடம், சின்னக் குளத்துல சுவர் ஜாஸ்தி. ஒவ்வொரு சுவத்துலயும் ஒதைச்சி கெளம்பினா ஒரு செகண்ட் லாபம். பெரிய குளத்துல அந்த லாபம் போய்டும். எல்லாருக்கும் அப்டித்தான்."

"சுவத்தையே அளந்து பாத்துடலாம்," என்ற ரமாபாய், கரையில் இரண்டு நாற்காலிகளைப் போடச் சொன்னார். ஒன்று சுவரிலிருந்து ஐந்து மீட்டரில், அடுத்தது அதற்கும் பத்து மீட்டர் தள்ளி. "நாற்காலிக்கு நாற்காலி பத்து மீட்டர். முதல் நாற்காலியிலேர்ந்து சுவத்துக்குப் போய்த் திரும்பினாலும் பத்து மீட்டர். ரெண்டுத்தையும் நீங்களே வாட்ச் புடிங்க வல்லரசு."

முதலில் கிளப்பின் இன்னொரு பெண் ஷாலு நீந்தினாள். சுவர்ப்பக்கம் ஒரு செகண்ட் குறைவு. வல்லரசு சொன்ன அதே கணக்கு. அடுத்து ஜூடி. நடுக்குளத்தில் ஏழு செகண்ட், ஷாலுவைவிட வேகம். சுவரருகே வேகத்தைக் குறைத்தாள், விரல் நுனியால் தொட்டாள், கால் எங்கும் படாமல் உடம்பைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது செகண்ட்.

லோகநாதன் துள்ளினார். "சுவருதான் குற்றவாளி!"

"இந்தத் தடவ சரியா புடிச்சிட்டீங்க," என்று ரமாபாய் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அந்த மனிதர் இன்னும் நூறு வழக்குக்கு வருவார். "ஷாலுவுக்கு சுவரு லாபம். ஜூடிக்கு ஒவ்வொரு சுவத்துலயும் ரெண்டு செகண்ட் நஷ்டம். நூறு மீட்டருக்கு இங்க மூணு தபா திரும்பணும், அங்க ஒரே தபா. ரெண்டு சுவரு கம்மி, நாலு செகண்ட் கம்மி. பதினாறுல நாலு போனா?"

"பன்னெண்டு," என்றார் வல்லரசு மெல்ல. "ஒதைச்சி திரும்புன்னு எத்தினி வாட்டி சொன்னேன். திமிருன்னு நெனச்சேன்."

"ஏம்மா ஒதைக்கல?" என்று கேட்டார் ரமாபாய். "அந்தக் கால் தழும்பாலயா?"

ஜூடி அப்பாவைப் பார்த்தாள். "சின்னப்போ ஹார்பர்ல நீந்துறப்போ சுவத்துல கால வச்சேன். ஒட்டிக்கினு இருந்த சிப்பி பிளேடு மாரி கிழிச்சிடிச்சி. அப்பா அழுதுட்டாரு. இனிமே எந்தச் சுவத்துலயும் கால் வெக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கினாரு."

"குளத்துலயுமா?"

"சத்தியம்னா சத்தியம்தானே ஆன்ட்டி."

ரமாபாய் வல்லரசு பக்கம் திரும்பினார். "வல்லரசு, பொண்ணுக்கு செகண்டத் திருடிக் குடுத்தாருன்னு சொன்னீங்க. பாவம், இத்தினி வருஷமா இவரு அவகிட்டேர்ந்து எடுத்துக்கினுல்ல இருந்திருக்காரு."

வல்லரசு சிலுவைமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஜூடியின் பெயரைச் சேர்க்கச் சொல்லி அங்கேயே நின்று போன் செய்தார்.

சிலுவைமுத்து அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. குளத்தோரம் மண்டியிட்டு, தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டு, சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார். வழவழவென்று டைல்ஸ்தான்.

"இங்க ஒண்ணும் இல்ல கண்ணு," என்றார். "ஒதை."

ஜூடி உதைத்தாள். அவள் தலை வெளியே வந்தபோது முதல் நாற்காலியைத் தாண்டியிருந்தாள். சிலுவைமுத்து சுவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை.