காட்டுப்பாக்கத்துக்கு வந்த படகு

கருவி காட்டிய இடம் தப்பாக இருந்தது. அதன் ஆன்டெனா காட்டுப்பாக்கத்தில் மணவாளன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்த இட்லிப்பானை மாதிரி உட்கார்ந்திருந்தது. கீழே கூடத்தில் இருந்த பெட்டியின் பச்சைத் திரையோ வங்கக் கடலின் நட்டநடுவைச் சொன்னது. மணவாளன் பெட்டியின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினான். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் அசையவில்லை.

வெள்ளைக்காரர்கள் கடல் சுற்றுகிற பாய்மரப் படகுகளில் வைக்கும் செயற்கைக்கோள் கருவி அது. படகு எங்கே இருக்கிறது என்று அடிக்கடி கரைக்குச் சொல்லும்; ஒரு ரிசீவரும் உண்டு, நடுக்கடலிலிருந்தே பேசலாம். அதை ஏலத்தில் எடுத்தவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் மணவாளன் ரிப்பேர் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி நஜீர். அது இருந்த படகு ஆளில்லாமல் மிதந்து வந்ததாம். ஆட்கள் என்ன ஆனார்கள் என்று மணவாளன் கேட்டதற்கு நஜீர் எரிந்து விழுந்தான்.

"அத்த தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற? ஓடுதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

பட்டறையின் தகரக் கூரைக்கடியில் கருவிக்கு வானம் எட்டாது. அதனால்தான் மணவாளன் அதை வீட்டுக்குத் தூக்கி வந்தான். படகின் பெயரைக் கொடுக்காமல் அது கிளம்பவும் கிளம்பாது. தெருவில் ஓடுகிற ஆட்டோக்களில் பாதிக்குப் பின்னால் பெற்ற பிள்ளைகளின் பெயர்தான் எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்தில் அவனும் யோசிக்காமல் மகள் பெயரைத் தட்டிவிட்டான். தாட்சாயிணி.

மகள் உள்ளறையில் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி பத்மா ஆவடி ஃபாக்டரியில் வேலைக்குப் போயிருந்தாள். ஐப்பசி மழை மதியத்திலேயே ஊரை இருட்டாக்கிவிட்டது. சன்ஷேடிலிருந்து சொட்டுகிற சத்தம், பின்பக்கக் காலிமனையில் தேங்கிய தண்ணீரில் தவளைகளின் ஓயாத கத்தல், ஈரச் சுவரின் பூஞ்சை வாடை, இவற்றுக்கு நடுவே பெட்டி மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. மணவாளன் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தான். எண்கள் மாறியிருந்தன.

தாட்சாயிணி மேற்கே வந்துகொண்டிருந்தாள்.

சனியன் பிடித்த பெட்டி, கோளாறு, என்று வாய்விட்டே திட்டினான். ஆனால் கோளாறான கருவி கண்டபடி குதிக்கும். இது ஒரே நேர்கோட்டில், அவசரப்படாமல் வந்தது. எண்களை மனசுக்குள் ஊர்ப்பெயராக மாற்றிப் பார்த்தான். துறைமுகம். கொஞ்ச நேரத்தில் கோயம்பேடு. கடல் எப்போதோ முடிந்துவிட்டது, அது நிற்கவில்லை.

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"அப்பா, நம்ம ஊட்ல இன்னாத்துக்கு மீன் நாத்தம் அடிக்குது?"

ஒன்றுமில்லை, தூங்கு என்றான். அவனுக்கும் அடித்தது. அழுகிய பாசியும் உப்பும் கலந்த வாடை, ஜன்னல் வழியாக அல்ல, வாசற்கதவின் அடியிலிருந்து வந்தது.

பெயரை அழித்தாக வேண்டும். அவள் பெயர் அதற்குள் இருக்கக் கூடாது. அழிக்கப் பார்த்தான், பயணம் முடியவில்லை, பெயரை மாற்ற முடியாது என்றது திரை. ஒயரைப் பிடுங்கினாலும் பெயர் உள்ளேயேதான் கிடக்கும். தொழில் தெரிந்தவனுக்கு வழி ஒன்றுதான்: படகு வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லும் பொத்தானை அழுத்திப் பயணத்தை முடிக்க வேண்டும். நிற்கிற படகுக்குத்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும். இது எங்கே நிற்கிறது?

போரூர்.

தவளைகள் நின்றுபோயின. எல்லாம் ஒரே நேரத்தில்.

காட்டுப்பாக்கம். இந்தத் தெரு. இந்த வீடு.

எண்கள் நின்றன. வாசலில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. கதவில் எதுவோ சாய்ந்தது. மரம் முனகியது.

மணவாளன் பொத்தானை அழுத்தினான்.

கதவின் முனகல் நின்றது. வாடை போயிற்று. பயணம் முடிந்தது என்றது திரை. அவன் மகளின் பெயரை அழித்தான். பிழைத்தோம் என்று நினைத்தான், அழுகைகூட வந்தது.

உள்ளறைக்கு ஓடினான். தாட்சாயிணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத் தொட்டான். காய்ச்சல் இல்லை. சில்லென்று இருந்தது. தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் அவனையே பார்த்தாள், இமைக்காமல்.

கூடத்தில் ரிசீவர் மணியடித்தது.

போய் எடுத்தான். ஒரே இரைச்சல். காற்று. பிறகு, வெகு தூரத்திலிருந்து, அழுகிற குரல்.

"அப்பா, நா எங்க கீறேன்? சுத்தியும் தண்ணியா கீதுப்பா. எனக்கு பயமா கீது. வந்து இட்டுகினு போப்பா."

மணவாளன் அப்படியே நாற்காலியில் விழுந்தான். அவனுக்குப் பின்னால் தரையில் ஈரப் பாதங்கள் ஒட்டி ஒட்டி எடுத்து வைக்கும் சத்தம். சின்னக் கை ஒன்று தோளுக்கு மேலே நீண்டது. ரிசீவரை அவன் கையிலிருந்து வாங்கியது. அழுகை ஓயுமுன்பே அதை அதன் இடத்தில் வைத்தது.

பிறகு அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.