கண்டக்டர் கண்ணில் சிக்கிய டிரைவர்

போன் அலறியது.

கிட்வே நகர மினிபஸ் நிலையம். ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்த டிரைவர் கபாசோ எடுத்தான்.

"மிஸ்டர் கபாசோ? கண் கிளினிக்லேர்ந்து நர்ஸ் கசோண்டே. காலைல உங்க கண்ணைப் படம் எடுத்தோமே... கம்ப்யூட்டர் அபாயம்னு சொல்லுது. விழித்திரையில ரத்தக் கசிவு. விட்டா பார்வை போயிடும். உடனே வாங்க."

கபாசோவுக்கு வேர்த்தது.

சர்க்கரை வியாதிக்காரன் அவன். 'கண் நன்றாக இருக்கிறதென்று சீட்டு கொண்டுவந்தால்தான் வண்டி' என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். வேலை போய்விடுமே என்று பயந்தவன், கண்டக்டர் லுப்பியாவைத் தன் பெயரில் அனுப்பிவிட்டான்.

ஆள்மாறாட்டம்!

லுப்பியா படியில் நின்று, இனிப்பு முன்கோயோ பானத்தை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, பாஸா?"

"ஃபெயில்டா. கண்ணுக்குள்ள ரத்தமாம்."

"கவலைப்படாதீங்கண்ணே, உங்க கண்ணுதானே..." பாட்டில் பாதியில் நின்றது. "அண்ணே... அது என் கண்ணு."

"உனக்குச் சர்க்கரை இருக்காடா?"

"யாரு பார்த்தா? ரெண்டு வாரமா எல்லாம் மங்கலாத்தான் தெரியுது. தூசின்னு நெனச்சேன்."

வாயை மூடிக்கொண்டால் கபாசோ தப்பிக்கலாம். ஆனால் லுப்பியாவின் கண்?

"ஏறித் தொலைடா" என்றான் கபாசோ.

கிளினிக்கில் கசோண்டே நிமிரக்கூட இல்லை.

"வாங்க, கூட்டுக் களவாணிகளா."

"சிஸ்டர்... எப்படித் தெரியும்?"

"நிஜ கபாசோவோட கண் படம் போன வருஷத்துலேர்ந்து இங்க இருக்கு. கண்ணுக்குள்ள ஓடற ரத்தக்குழாய் ஆளுக்கு ஆள் வேற. ரெண்டும் ஒட்டவே இல்ல."

"அப்புறம் ஏன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"'திருட்டுப் பயலே, வா'ன்னு கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

லுப்பியாவின் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை எகிறியிருந்தது.

"லேசர் வெச்சா பார்வையைக் காப்பாத்திடலாம். நல்லவேளை, சீக்கிரமே மாட்டினே" என்ற கசோண்டே, கபாசோ பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்க."

தூக்குமேடை ஏறுகிறவனைப் போல் கபாசோ கருவியில் தாடையை வைத்தான்.

பளிச்!

கம்ப்யூட்டர் யோசித்தது... பச்சை விளக்கு.

"உங்க கண்ணு சுத்தம்! நீங்களே வந்திருந்தா காலைலயே சீட்டோட போயிருக்கலாம்."

"நான் வந்திருந்தா இவன் குருடாயிருப்பானே, சிஸ்டர்?"

கசோண்டே சீட்டில் முத்திரையைக் குத்தினாள்.

"அதனாலதான்யா இன்னும் போலீஸைக் கூப்பிடல."

கபாசோ பெருமூச்சு விட்டான். லுப்பியா அவன் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, நாளைக்கு எனக்குக் கடவாய்ப் பல்லு புடுங்கணும்... என் பேர்ல நீங்க போயிட்டு வந்துடறீங்களா?"